நர்சிங் கிளினிக்கல்ஸுக்கு எந்த வாட்ச்? காசியோ எம்க்யூ-24 கட்டிப் பார்த்த அனுபவம்

கோயமுத்தூரில் பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறேன். சொந்த ஊர் சென்னிமலைப் பக்கம். புதுசாகச் சேர்கிற பிள்ளைகள் எங்களைப் பார்த்ததும் கேட்பது, "அக்கா, ஸ்டெத் எந்தக் கம்பெனி வாங்கலாம்?" என்றுதான். வாட்சைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. காலேஜில் கொடுக்கிற சாமான் லிஸ்டில் ஷூ, கத்தரிக்கோல், டார்ச் எல்லாவற்றுக்கும் கீழே "செகண்டு முள் உள்ள வாட்ச்" என்று ஒரு வரி இருக்கும். யாரோ கல்யாணத்தில் கொடுத்த தங்க நிற வாட்சைக் கட்டிக்கொண்டு போஸ்டிங்குக்கு, அதாவது ஆஸ்பத்திரி வார்டுப் பயிற்சிக்கு, வந்துவிடுவார்கள். ஸ்டெத் இல்லாவிட்டால் வார்டில் யாரிடமாவது வாங்கிக்கொள்ளலாம். வாட்சை அப்படி வாங்க முடியாது. காலையில் உள்ளே நுழைந்ததிலிருந்து ரிப்போர்ட் கொடுத்துவிட்டு வெளியே வரும்வரை அது உங்கள் கண்ணுக்கு எதிரே இருந்தாக வேண்டும். அதனால்தான் நான் கட்டியிருக்கும் வாட்சைப் பற்றியும், வாங்கிப் பார்த்து வேண்டாமென்று எடுத்து வைத்த ஒன்றைப் பற்றியும் விவரமாக எழுதுகிறேன்.

என்னுடையது காசியோ எம்க்யூ-24. முள் வைத்த சாதாரண குவார்ட்ஸ் வாட்ச். வெள்ளை டயல், கறுப்பு எண்கள், ஓரத்தில் நிமிஷக் கோடுகள், மெல்லிய செகண்டு முள். கேஸும் வாரும் ரெசின், எடை 20 கிராம்தான். ஒப்பணக்காரத் தெருவில் அப்பாவோடு போய் வாங்கியது. ஆயிரம் ரூபாய்க்குப் பக்கமாக ஆனது. அப்பா தறியில் பெட்ஷீட் நெய்கிறவர். கடைக்காரர் எடுத்து வைத்த பளபளப்பான வாட்சுகளை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, "நீ எதுக்குக் கட்டப் போறேன்னு சொல்லு அம்மிணி, அதுக்குத் தகுந்ததா எடுத்துக்கலாம்" என்றார். எதுக்குக் கட்டப் போகிறேன் என்பது அன்றைக்கு எனக்கே முழுதாகத் தெரியாது. வார்டு வார்டாகப் போன பிறகுதான் தெரிந்தது.

முதலில் எண் காட்டும் டிஜிட்டல் வாட்சா, முள் வாட்சா என்ற கேள்வி. முள் வாட்சுதான். காரணம் இருக்கிறது. நாடியை எண்ணும்போது மனசுக்குள் எழுபத்தொன்று, எழுபத்திரண்டு என்று ஓடிக்கொண்டிருக்கும். அதே நேரம் கண்ணுக்கு எதிரே 43, 44 என்று வேறு எண்கள் மாறினால் இரண்டும் கலந்துவிடும். முள் எண்ணாகப் பேசாது. அது எங்கே புறப்பட்டது, எங்கே வந்து சேர வேண்டும் என்று மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டால் போதும். டயலில் கல் பதித்த வாட்ச், நாலே நாலு கோடு மட்டும் போட்ட வாட்ச் எல்லாம் இந்த வேலைக்கு ஆகாது. 15 விநாடி எங்கே முடிகிறது, 30 எங்கே முடிகிறது என்று சட்டென்று தெரிய வேண்டும்.

முதல் வருஷம் மெடிக்கல் வார்டில் போட்டார்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் மணிக்கட்டில் வைத்து நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். கட்டை விரல் வைக்கக் கூடாது, அதிலேயே நம் துடிப்பு தெரியும். காங்கேயம் பக்கத்து ஆத்தா ஒருவர் நான் விரல் வைத்ததும், "நாடி புடிச்சிட்டே, வாதமா பித்தமா சொல்லு கண்ணு" என்று கேட்டார். சித்த வைத்தியரும் மூன்று விரல்தான் வைப்பார். ஒவ்வொரு விரலிலும் வாதம், பித்தம், கபம் என்று நடையைப் படிப்பார். நாங்கள் நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு, சீராக இருக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா என்று பார்க்கிறோம். "எத்தன தடவ துடிக்குதுன்னு பாக்கறேனுங்க ஆத்தா, சித்த நேரம் பேசாம இருங்க" என்றேன். நாடியை நிமிஷக் கணக்கில் எண்ணும் பழக்கத்துக்கு 300 வருஷத்துக்கு மேல் வயசு. இங்கிலாந்தில் ஜான் ஃப்ளோயர் என்ற மருத்துவர் நாடி எண்ணுவதற்கென்றே சரியாக ஒரு நிமிஷம் ஓடும் கடிகாரத்தைச் செய்து வாங்கிக்கொண்டாராம். அதற்கு முன்னால் வைத்தியர் கையில் செகண்டு முள்ளே பெரும்பாலும் கிடையாது.

நாடி பார்ப்பது சுலபம், மூச்சை எண்ணுவதுதான் கஷ்டம். எண்ணுகிறோம் என்று நோயாளிக்குத் தெரிந்தாலே மூச்சு மாறிவிடும். அதனால் நாடியை எண்ணி முடித்த பிறகும் விரலை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். நெஞ்சும் செகண்டு முள்ளும் ஒரே பார்வைக்குள் வர வேண்டும். எம்க்யூ-24 எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். லேசான வாட்ச் என்பதால் மணிக்கட்டின் உள்பக்கம் டயல் வருகிற மாதிரி கட்டிக்கொள்ளலாம். பல சீனியர் சிஸ்டர்கள் அப்படித்தான் கட்டியிருப்பார்கள். வலது கை நோயாளியின் மணிக்கட்டில், இடது கை அவர் நெஞ்சுக்கு நேராக, டயல் என்னைப் பார்த்து. தலையைத் திருப்ப வேண்டியதே இல்லை.

இதை அழுத்தமாகவே சொல்கிறேன்: மூச்சை யாரும் எண்ணாமல் எழுதாதீர்கள். நாற்பது படுக்கை, கையில் கொஞ்ச நேரம் என்றால் எல்லோர் சீட்டிலும் 18 என்று எழுதிவிடத் தோன்றும். ஒருவர் உடம்பு மோசமாகப் போகிறது என்பதை முதலில் காட்டுகிற அறிகுறிகளில் மூச்சு எண்ணிக்கையும் ஒன்று. நூல் மில்லில் வேலை பார்த்த ஒரு மாமா, பார்வைக்கு நன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். நாடியும் பி.பி.யும் பயப்படும்படி இல்லை. மூச்சு மட்டும் நிமிஷத்துக்கு 28. வளர்ந்தவர்களுக்கு 12 முதல் 20 வரைதான் இருக்க வேண்டும். மறுபடி ஒரு முழு நிமிஷம் எண்ணினேன், அதே 28. சிஸ்டரிடம் போய்ச் சொன்னதும் அவரும் வந்து எண்ணிப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்து, ஆக்சிஜன் போட்டு, எக்ஸ்ரே எடுத்தார்கள். நிமோனியா. அந்த மாமா குணமாகி வீட்டுக்குப் போகும்போது, "நீதான அம்மிணி கையப் புடிச்சிட்டே ரொம்ப நேரம் நின்னது" என்று கேட்டார்.

டிரிப்ஸ் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். 500 மில்லியை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், செட் (டிரிப்ஸ் குழாய்) ஒரு மில்லிக்கு 20 சொட்டு விடுவது என்றால் நிமிஷத்துக்கு 21 சொட்டு. வாட்சை, சொட்டு விழுகிற டிரிப் சேம்பருக்குப் பக்கத்திலேயே தூக்கிப் பிடித்து எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு சொட்டுப் பிசகு நாலாகிவிடும். அதனால் முழு நிமிஷம் எண்ணுவதுதான் என் வழக்கம். அரை மணி கழித்து மறுபடியும் எண்ண வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று கூட இருக்கிறவர்களே சொட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரோலரைத் திறந்துவிடுவார்கள். இதய நோயாளிக்கு அது ஆபத்து. அதை அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைப்பதும் எங்கள் வேலைதான்.

லேபர் வார்டுக்கு வருகிறேன். வாட்சுக்கு அதிக வேலை வைத்த இடம் அதுதான். வலி வரும்போது வயிற்றின் மேல் கையை வைத்து, 10 நிமிஷத்தில் எத்தனை முறை இறுகுகிறது, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிரசவம் எப்படிப் போகிறது என்று குறிக்கிற பார்ட்டோகிராஃப் தாளில் 20 விநாடிக்குக் குறைவு என்றால் புள்ளி, 20 முதல் 40 என்றால் சாய்கோடு, 40க்கு மேல் என்றால் கட்டத்தை முழுக்க நிரப்ப வேண்டும். வலி அடங்கியதும் குழந்தையின் இதயத் துடிப்பை ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். 110 முதல் 160 வரை இருக்க வேண்டும். தாய்மார்கள் வலியில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வார்கள். என் மணிக்கட்டை வாட்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்த அக்காக்கள் பலர். உலோகச் செயினாக இருந்தால் இருவர் தோலும் கிழிந்திருக்கும். ரெசின் வார் வளைந்துகொடுத்தது. அப்புறம் அதை அப்படியே சோப்புப் போட்டுக் கழுவ முடிந்தது. தோல் வார் வாங்கவே வாங்காதீர்கள். ஈரமும் இரத்தமும் அதில் ஊறினால் எடுக்க முடியாது.

குழந்தை வெளியே வந்ததும் எல்லாமே நிமிஷக் கணக்கு. தாய்க்கு இரத்தப்போக்கைத் தடுக்க 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி ஒரு நிமிஷத்துக்குள். குழந்தை ஒரு நிமிஷத்துக்குள் மூச்சு விட வேண்டும். குழந்தையின் துடிப்பு, மூச்சு, நிறம் முதலியவற்றைப் பார்த்துப் போடுகிற அப்கார் மதிப்பெண் 1ஆம் நிமிஷத்திலும் 5ஆம் நிமிஷத்திலும். நம்மூரில் இன்னொன்றும் உண்டு. வெளியே நிற்கிற அப்பத்தாவுக்கு ஆணா பெண்ணா என்று சொன்ன அடுத்த நொடியே, "எத்தன மணி எத்தன நிமிஷமுங் கண்ணு? சரியாச் சொல்லு, ஜாதகம் எழுதோணும்" என்பார். உள்ளே சுவர்க் கடிகாரம் ஒன்று சொல்லும், சிஸ்டர் வாட்ச் ஒன்று சொல்லும், என் வாட்ச் இன்னொன்று சொல்லும். ஜாதகத்தில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது அவரவர் விஷயம். அந்தக் குடும்பம் நம்மை நம்பித்தான் அந்த நிமிஷத்தைக் கேட்கிறது. கேஸ் ஷீட்டிலும் அதே நேரம்தான் பதிவாகும். அதனால் டூட்டிக்குப் போகும் முன் போனில் ஓடும் நேரத்தோடு வாட்சைச் சரிசெய்துகொள்வேன். செகண்டு முள் 12இல் வரும்போது ஓரத்தில் இருக்கிற நேரம் திருத்தும் திருகை வெளியே இழுத்தால் முள் நின்றுவிடும். போனில் நிமிஷம் மாறும்போது உள்ளே அழுத்தினால் விநாடி சுத்தமாகப் பொருந்திவிடும். மாதத்துக்கு 20 விநாடி வரை முன்னே பின்னே ஆகலாம் என்று காசியோவே சொல்கிறது. அதைத் தவறாமல் சரிசெய்தால் போதும்.

ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் போஸ்டிங் இருந்தபோது, பொழுதோட மஞ்சக்காட்டுக்குத் தண்ணி கட்டப் போனவரைக் கொண்டுவந்தார்கள். காலில் கடி. பாம்பை யாரும் பார்க்கவில்லை. கண்ணாடிவிரியன் கடித்திருந்தால் இரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்து, அப்புறம் ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாகாமல் தண்ணீராக ஓடினால் விஷமுறிவு மருந்து தொடங்க வேண்டும். அந்த 20 நிமிஷம்தான் இந்தச் சோதனையின் உயிர். அதற்குள் யாராவது எடுத்து ஆட்டிப் பார்த்தால் முடிவை நம்ப முடியாது. குழாயில் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டித் தொடங்கிய நேரத்தை எழுதச் சொன்னார் சிஸ்டர். எழுதிவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். அவர் சம்சாரம் என் கையைப் பிடித்து, "என்னத்தப் பாத்துட்டு நிக்கறீங்க அம்மிணி, ஊசியப் போடுங்க சாமி" என்று அழுதார். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அவருக்குச் சொன்னேன். காயத்தையும் கண் இமை தொங்குகிறதா என்பதையும் டாக்டர் இடையிடையே வந்து பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் ஆனதும் சிஸ்டர் குழாயைச் சாய்த்தார். உறையவில்லை. மருந்து அப்போதே தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் சேர்ந்த ஒரே மருந்துதான் நம் நாட்டில் கிடைக்கிறது. அதனால் பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவர வேண்டிய அவசியம் இல்லை. ஆளைச் சீக்கிரம் கொண்டுவந்தால் போதும். ஊரில் எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் சொல்லிவிட்டேன்.

கம்யூனிட்டி போஸ்டிங்கில் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்குப் போவோம். அங்கே கையில் இருப்பது பையும் வாட்சும்தான். இருமல் உள்ள குழந்தைக்கு மூச்சை முழு நிமிஷம் எண்ண வேண்டும், அதுவும் அழாமல் இருக்கும்போது. 2 மாதத்துக்குள் 60, 2 மாதத்திலிருந்து ஒரு வயசு வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயசு வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ வேக மூச்சு. நிமோனியாவாக இருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். சேலைத் தூளியில் தூங்குகிற குழந்தையின் சட்டையை மெல்லத் தூக்கிவிட்டு, வயிற்றையும் முள்ளையும் பார்த்துக்கொண்டு எண்ணுவேன். பாதியில் குழந்தை முழித்து அழுதால் மறுபடி அடங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இனி, நான் எடுத்து வைத்துவிட்ட வாட்ச். சட்டையில் குத்திக்கொண்டு தலைகீழாகத் தொங்கவிடுகிற நர்ஸ் வாட்ச், ஃபாப் வாட்ச் என்பார்கள். என் பாலக்காட்டுத் தோழியின் அக்கா இங்கிலாந்தில் வேலை செய்கிறார். அங்கே முழங்கைக்குக் கீழே வாட்ச், வளையல் எதுவும் இருக்கக் கூடாது. கையை மணிக்கட்டுவரை நன்றாகக் கழுவ முடிய வேண்டும் என்பதற்காக. நியாயமான காரணம். அதைக் கேட்டு ஆசைப்பட்டு, சிலிக்கான் உறை போட்ட ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். கம்பெனிப் பேர் வேண்டாம். செகண்டு முள் கோட்டின் மேல் நிற்காமல் இரண்டு கோட்டுக்கு நடுவே நின்றது. சில வாரத்தில் சட்டையில் குத்துகிற ஊசி லூசாகி, பெட்ஷீட் மாற்றக் குனியும்போது கழன்று விழ ஆரம்பித்தது. இதெல்லாம் அந்த ஒரு வாட்சின் குறை. நல்லதாக வாங்கினாலும் இன்னொரு சங்கடம் இருக்கிறது: மூச்சை எண்ணும்போது என் நெஞ்சில் இருக்கிற வாட்சைக் குனிந்து பார்த்தால் நோயாளியின் நெஞ்சு பார்வையிலிருந்து போய்விடுகிறது. கற்றுக்கொள்கிற காலத்தில் மணிக்கட்டு வாட்சுதான் கைக்குப் பழகுகிறது. உங்கள் காலேஜிலோ மருத்துவமனையிலோ மணிக்கட்டில் எதுவும் கூடாது என்றால் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து, முள் கோட்டின் மேல் சரியாக நிற்கிறதா என்று கடையில் பார்த்தே ஃபாப் வாட்ச் வாங்குங்கள்.

எம்க்யூ-24 கட்டினாலும் கை கழுவும்போது கழற்றிப் பையில் போட்டுவிடுகிறேன். சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி கழுவ வேண்டும், வாட்சோடு கழுவினால் வாருக்கு அடியில் அழுக்கு தங்கும். ஆபரேஷன் தியேட்டரிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவிலும் வாட்சே வேண்டாம், அங்கே சுவர்க் கடிகாரம் பெரிதாக இருக்கும். இந்த மாடல் தண்ணீர் தெறித்தால் தாங்கும், முங்கிக் குளிக்கிற அளவுக்கு இல்லை. கண்ணாடியும் ரெசின்தான், மேஜை விளிம்பில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டயலை உள்பக்கம் கட்டினால் அந்தப் பிரச்சினை பாதி குறையும். இரவு டூட்டிக்கு ஒரு சின்ன டார்ச் எப்படியும் பையில் இருக்கும், கண்மணி பார்க்க அது வேண்டும். வாட்ச் பார்க்கவும் அதுவே போதும்.

ஸ்மார்ட் வாட்ச் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: எண்ணிக்கொண்டிருக்கும்போதே பலவற்றில் திரை அணைந்துவிடும். மெசேஜ் வந்து அதிரும். நோயாளி முன்னால் அது மரியாதையாகவும் இருக்காது. வார்டில் போன் எடுக்கவே விடமாட்டார்கள், இதுவும் போன் மாதிரிதான் என்று எங்கள் மேடம் கழற்றச் சொல்லிவிடுவார்.

பேட்டரி எஸ்ஆர்626எஸ்டபிள்யூ என்கிற பட்டன் செல். காசியோ கணக்குப்படி சுமார் 2 வருஷம் வரும், நாலு வருஷப் படிப்பில் நடுவே ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். முள் நிற்கட்டும் என்று காத்திருக்காமல், மிட்வைஃபரி (பிரசவம் பார்க்கும்) போஸ்டிங் தொடங்குவதற்கு முந்தின லீவிலேயே ஊரில் வாட்ச் ரிப்பேர் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியதும் அங்கேயே நின்று ஒரு நிமிஷம் போனோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.